நோயுற்ற காலத்தில் சத்துச் செறிவான உணவு: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு வழிகாட்டி

நோயுற்றவரின் பசி குறைகிறது. அவரது உடலின் தேவை குறைவதில்லை. காய்ச்சல், தொற்று, அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு போன்றவற்றின்போது உடல் வழக்கத்தைவிடக் கூடுதலான புரதத்தையும் ஆற்றலையும் செலவிடுகிறது. அவை உணவிலிருந்து கிடைக்காவிட்டால், உடல் தன் தசைகளைக் கரைத்தே அத்தேவையை நிறைவு செய்துகொள்கிறது. தசை கரைந்தால் எழுந்து நடக்கும் வலிமையும், சளியை இருமி வெளியேற்றும் திறனும் குறைகின்றன. புண் ஆறுவது தாமதமாகிறது. நோய் எதிர்ப்பாற்றல் தளர்கிறது.

எனவே குறைவாகவே உண்ண முடிந்தவருக்கு, உண்ணும் ஒவ்வொரு கவளமும் சத்து நிறைந்ததாக இருக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த பொருள்கள் தேவையில்லை. நியாயவிலைக் கடையிலும் ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே இதைச் செய்யலாம். அதற்கான வழிகளை இப்பக்கம் விளக்குகிறது. இது வயதுவந்தோருக்கான பொது வழிகாட்டி. குழந்தைகளின் உணவு குறித்துக் குழந்தைகள் நல மருத்துவரிடமோ அங்கன்வாடி மையத்திலோ ஆலோசனை பெறுங்கள்.

சத்துச் செறிவு என்றால் என்ன?

ஓர் உணவு தரும் ஆற்றலுடன் ஒப்பிடுகையில், அதில் புரதம், வைட்டமின்கள், தாது உப்புகள், நார்ச்சத்து ஆகியவை எவ்வளவு உள்ளன என்பதே அதன் சத்துச் செறிவு. ஆற்றல் கலோரி என்னும் அளவையால் குறிக்கப்படுகிறது.

சுமார் 100 கலோரி ஆற்றலைப் பின்வரும் மூன்று வழிகளில் பெறலாம்.

• 5 தேக்கரண்டி சர்க்கரை (25 கிராம்): ஆற்றல் மட்டுமே கிடைக்கும், வேறு சத்து எதுவும் இல்லை.
• ஒரு சிறு கைப்பிடி நிலக்கடலை (20 கிராம்): ஆற்றலுடன் 4 முதல் 5 கிராம் புரதமும் நல்ல கொழுப்பும் நார்ச்சத்தும் கிடைக்கும்.
• ஒன்றரை முட்டை: சுமார் 9 கிராம் புரதமும், அதனுடன் வைட்டமின் ஏ, வைட்டமின் பி12 முதலியனவும் கிடைக்கும்.

மூன்றிலும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே. உடலைக் கட்டமைக்கும் பொருள் பின்னிரண்டில்தான் உள்ளது. வயிறு நிறைவது வேறு, உடலுக்கு ஊட்டம் கிடைப்பது வேறு என்று கூறுவது இதனால்தான்.

மெலிந்த நோயாளிக்கு ஆற்றலும் சத்தும் சேர்ந்து செறிந்த உணவு வேண்டும். உடல் பருமன் அல்லது நீரிழிவு உள்ளவருக்கு, குறைந்த ஆற்றலில் மிகுந்த சத்து தரும் கீரை, காய்கறி, பயறு ஆகியவை வேண்டும். கொள்கை ஒன்றே, தேர்வு ஆளுக்கு ஆள் மாறும்.

பத்திய உணவில் எங்கே குறை ஏற்படுகிறது?

நோயுற்றவருக்குக் காரமும் எண்ணெயும் குறைத்து, எளிதில் செரிக்கும் உணவைச் சூடாகக் கொடுக்கும் நம் வழக்கம் நல்ல வழக்கமே. ஆனால் பல வீடுகளில் பத்தியம் என்பது அரிசிக் கஞ்சி, ரசம் சாதம், ரொட்டி, ரஸ்க், சவ்வரிசிக் கஞ்சி, இளநீர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை மாவுச்சத்தும் நீருமே. சவ்வரிசியில் புரதம் மிகமிகக் குறைவு. இளநீர் நீரிழப்பை ஈடுசெய்ய உதவும், உணவுக்கு ஈடாகாது.

இரண்டு மூன்று நாள்களுக்கு இவ்வாறு உண்பதால் பெரும் தீங்கு ஏற்படுவதில்லை. ஆனால் இதே உணவு வாரக்கணக்கில் தொடரும்போது, ஏற்கெனவே மெலிந்தவர்களும் முதியோரும் மேலும் நலிவடைகின்றனர். வெளியில் தெரிவது "உடம்பு இளைத்துவிட்டது" என்பது மட்டுமே. உள்ளே கரைந்திருப்பது தசை.

குறிப்பாக மூன்று பழக்கங்களைக் கைவிட வேண்டும்.

• அறுவை சிகிச்சைக்குப் பின் "தையலில் சீழ் பிடிக்கும்" என்று முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றை நிறுத்துதல். சீழ் பிடிப்பது கிருமித் தொற்றினால், முட்டையினால் அன்று. புண் ஆறப் புரதமும் வைட்டமின் சி-யும் துத்தநாகமும் இன்றியமையாதவை. மருத்துவர் வாய்வழி உணவுக்கு அனுமதித்த பின், புரத உணவைக் காரணமின்றித் தள்ளிப்போட வேண்டாம்.
• மகப்பேற்றுக்குப் பின் தாய்க்குக் காய், பழம், கீரை, தண்ணீர் ஆகியவற்றைக் குறைத்தல். பாலூட்டும் தாய்க்கு இவை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவை.
• காய்ச்சல் தணிந்த பின்னரும் பல நாள்கள் கஞ்சியை மட்டுமே தருதல். இழந்த எடையை மீட்க வேண்டிய காலம் அதுதான்.

ஒரே டம்ளர் கஞ்சி, இரண்டு விதமாக

பத்தியத்தை விட வேண்டியதில்லை; அதைச் செறிவூட்டினால் போதும்.

முதல் விதம்: 30 கிராம் அரிசி நொய்யில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சி. இதில் சுமார் 105 கலோரி ஆற்றலும் 2.5 கிராம் புரதமும் உள்ளன.

இரண்டாம் விதம்: அதே 30 கிராம் நொய்யுடன் 15 கிராம் பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவைத்து, 10 கிராம் வறுத்த நிலக்கடலைப் பொடியும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது நெய்யும் கலந்தது. இதில் சுமார் 250 கலோரி ஆற்றலும் 8 கிராமுக்கு மேல் புரதமும் உள்ளன.

நோயாளி அருந்தும் அளவு ஒரே டம்ளர்தான். புரதம் மூன்று மடங்கிற்கு மேலாகிறது. ஆற்றல் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. நாளொன்றுக்கு இரண்டு முறை கஞ்சி அருந்துபவருக்கு, இம்மாற்றத்தால் மட்டும் ஏறத்தாழ 12 கிராம் புரதம் கூடுதலாகக் கிடைக்கிறது. இது இரண்டு முட்டைகளில் உள்ள புரதத்திற்கு இணையானது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பொட்டுக்கடலை மாவு அல்லது பால் சேர்க்கலாம்.

எதை, எவ்வளவு?

ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் நலமான ஒருவருக்கு உரிய அளவுகள் பின்வருமாறு (சமைக்காத எடை):

• தானியங்கள், சிறுதானியங்கள்: 250 கிராம்
• பருப்பு, பயறு வகைகள்: 85 கிராம்
• கீரை உள்ளிட்ட காய்கறிகள்: 400 கிராம்
• பழங்கள்: 100 கிராம்
• பால் அல்லது தயிர்: 300 மில்லி லிட்டர்
• கொட்டைகள், எண்ணெய் வித்துகள்: 35 கிராம்
• சமையல் எண்ணெய், நெய்: 27 கிராம்

அசைவம் உண்பவர்கள் பருப்பின் ஒரு பகுதிக்கு மாற்றாக முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றைச் சேர்க்கலாம். தட்டில் சோறு குவிந்தும் பருப்பும் காயும் ஓரத்தில் சிறிதளவாகவும் இருக்கும் நம் வழக்கத்திற்கும் இவ்வளவுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காணுங்கள்.

நலமான வயதுவந்தவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. முதியோருக்கும் நோயிலிருந்து மீள்பவர்களுக்கும் பொதுவாக 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும். சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம். அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். சிறுநீரக நோயாளிகளுக்கு இவ்வளவு பொருந்தாது. அவர்களுக்கான குறிப்பு கீழே தரப்பட்டுள்ளது.

ஒவ்வொரு வகையிலும் செறிவானதைத் தேர்ந்தெடுத்தல்

தானியங்கள்: வெள்ளை அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கேழ்வரகு, கம்பு, கைக்குத்தல் அரிசி ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். 100 கிராம் தீட்டிய அரிசியில் கால்சியம் 10 மில்லிகிராமுக்கும் குறைவு. அதே அளவு கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல். இரும்புச்சத்து அரிசியில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்க, கம்பில் சுமார் 6 மில்லிகிராம் உள்ளது.

பருப்பு, பயறு: துவரம் பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி, கொள்ளு ஆகிய அனைத்திலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் உள்ளது. சாம்பாரில் மேலாக நிற்கும் தெளிவில் பருப்பு மிகக் குறைவு. நோயாளிக்கு அடியில் உள்ள கெட்டியான பகுதியைக் கலக்கி ஊற்றுங்கள்.

முட்டை, மீன், இறைச்சி: ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உள்ளது. மத்தி, நெத்திலி போன்ற சிறிய மீன்கள் பொதுவாக விலை குறைந்தவை. நெத்திலியை முள்ளுடன் உண்பதால் கால்சியமும் கிடைக்கும். கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

கீரை, காய்கறி: முருங்கைக்கீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை போன்றவை கால்சியம், இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் ஏ-யின் முன்னோடிப் பொருள் ஆகியவற்றை ஒருங்கே தருகின்றன. கீரையை நறுக்கும் முன் கழுவுங்கள். அளவான நீரில் மூடிவைத்து வேகவைத்து, அந்நீரையும் உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழங்கள்: நெல்லிக்காயும் கொய்யாவும் வைட்டமின் சி மிகுந்தவை, 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ளது. பப்பாளியும் மாம்பழமும் வைட்டமின் ஏ-யின் முன்னோடிப் பொருளைத் தருகின்றன. பழத்தைச் சாறாக்கி வடிகட்டினால் நார்ச்சத்து வீணாகும். மென்று உண்ண முடிந்தவர்கள் பழமாகவே உண்ணட்டும்.

கொட்டைகள், வித்துகள்: பாதாம், பிஸ்தா கட்டாயமில்லை. நிலக்கடலையும் எள்ளும் போதுமானவை. பல் இல்லாதவர்களுக்குப் பொடியாக்கித் தரலாம்.

உண்ட சத்து உடலில் சேர வேண்டும்

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதை 2019-21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. பாதிக்கு மேற்பட்ட பெண்களைப் பாதிக்கும் இக்குறைபாட்டிற்கு இரும்புச்சத்தைக் குறைவாக உண்பது ஒரு காரணம். உண்ட இரும்புச்சத்து உடலில் சேராமல் போவதும் மற்றொரு காரணம். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. பின்வரும் வழிகள் உதவும்.

• கீரை, பயறு உணவுகளுடன் எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ளவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்டலில் எலுமிச்சை பிழிவது நல்ல பழக்கம்.
• உணவை ஒட்டி டீ, காபி அருந்த வேண்டாம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இவற்றிலுள்ள பொருள்கள் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன.
• இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டாம். டீ, காபி, பால் ஆகியவற்றுடன் இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.
• பயறுகளை ஊறவைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் ஆகியவை தாது உப்புகள் உடலில் சேர்வதை எளிதாக்குகின்றன.

பசி குறைந்தவருக்கு உணவளிக்கும் முறை

• மூன்று வேளை நிறையக் கொடுப்பதற்கு மாறாக, இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஐந்து அல்லது ஆறு முறை கொடுங்கள்.
• அவருக்கு எவ்வேளையில் பசி சற்றுக் கூடுதலாக இருக்கிறது என்பதைக் கவனித்து, மிகச் சத்தான உணவை அப்போது கொடுங்கள். பலருக்குக் காலைப் பொழுதே ஏற்றது.
• தட்டில் முட்டையையும் பருப்பையும் கூட்டையும் முதலில் உண்ணச் செய்யுங்கள், சோறு பிறகு. பாதியில் போதும் என்றாலும் சத்தான பகுதி உள்ளே சென்றிருக்கும்.
• உணவுக்குச் சற்று முன் நிறையத் தண்ணீர், ரசம், டீ கொடுத்து வயிற்றை நிரப்ப வேண்டாம்.
• வாய்ப்புண், சொத்தைப் பல், பொருந்தாத பல்செட், மலச்சிக்கல் ஆகியவை பசியின்மை போலவே தோன்றும். உணவை மறுப்பவரின் வாயைத் திறந்து பாருங்கள்.
• உண்ணும்போது நிமிர்ந்து உட்காரவைத்து, உண்ட பின் அரை மணி நேரம் படுக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
• முட்டையை முழுமையாக வேகவைத்தும் பாலைக் காய்ச்சியும் கொடுங்கள். பருப்பு சேர்த்த கஞ்சி வெயில் காலத்தில் விரைவில் கெடும். காய்ச்சிய இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள்.
• முடிந்தவரை குடும்பத்தாருடன் அமர்ந்து உண்ணச் செய்யுங்கள். தனித்து உண்பவர் பெரும்பாலும் குறைவாகவே உண்கிறார்.

ஒரு நாள் மாதிரி உணவு

சுமார் 50 கிலோ எடையுள்ள, பசி குறைந்த, சிறுநீரக நோய் இல்லாத ஒருவருக்கான மாதிரி இது. மொத்தப் புரதம் 50 முதல் 60 கிராம் வரை கிடைக்கும்.

• காலை எழுந்தவுடன்: பால் 150 மில்லி லிட்டர்
• காலை உணவு: இட்லி 2, கெட்டியான சாம்பார், வேகவைத்த முட்டை 1
• முற்பகல்: கேழ்வரகுக் கூழ் ஒரு டம்ளர், தயிர் கலந்தது
• மதியம்: குழைந்த சோறு ஒரு கிண்ணம், பருப்பு சேர்த்த கீரைக் கூட்டு, ஒரு துண்டு மீன் அல்லது வேகவைத்த பயறு
• மாலை: எலுமிச்சை பிழிந்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு சிறு கிண்ணம், மெல்ல முடியாதவர்களுக்கு மசித்துத் தரலாம். அதனுடன் ஒரு கொய்யா அல்லது இரண்டு கீற்று பப்பாளி
• இரவு: பாசிப்பருப்பு மிகுதியாகச் சேர்த்த குழைந்த வெண்பொங்கல் அல்லது செறிவூட்டிய கஞ்சி
• படுக்கும் முன்: பால் 150 மில்லி லிட்டர்

சைவ உணவினர் முட்டைக்கும் மீனுக்கும் மாற்றாகப் பயறு, தயிர், பன்னீர், சோயா ஆகியவற்றைச் சேர்க்கலாம்.

நோய்க்கேற்ற மாற்றங்கள்

காசநோய்: இந்நோயில் உணவு சிகிச்சையின் ஒரு பகுதி. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடத்தப்பட்டு 2023-இல் முடிவுகள் வெளியான ஆய்வில், சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளிடம் இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. கூடுதல் உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் ஏற்படுவதும் 39 சதவீதம் குறைந்தது. எனவே நோயாளி மட்டுமன்றிக் குடும்பமும் சத்துடன் உண்ண வேண்டும். மாத்திரைகளை மருத்துவர் கூறிய காலம் முழுவதும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். உணவு மருந்துக்கு மாற்றாகாது.

நீரிழிவு: சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுவது மட்டும் தீர்வாகாது; இரண்டிலும் மாவுச்சத்து மிகுதி. தட்டில் பாதி அளவு காய்கறியும், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரத உணவும், கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தியும் இருக்கட்டும். கூழாகவும் கஞ்சியாகவும் அருந்தும் தானியம் இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தும்; கேழ்வரகை அடை, தோசை வடிவில் காய்கறியுடன் உண்பது மேல். மேலே உள்ள மாதிரி உணவில் கூழுக்கும் கஞ்சிக்கும் இவ்வாறே மாற்றுச் செய்துகொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். உணவு உட்கொள்ள முடியாத நாள்களில் இன்சுலின், மாத்திரை அளவுகளை நீங்களாகவே மாற்றாமல் உடனே ஆலோசனை பெறுங்கள்.

சிறுநீரக நோய்: மேலே கூறியவற்றுள் பல இவர்களுக்கு அப்படியே பொருந்தாது. புரதம், உப்பு, பொட்டாசியம், நீர் ஆகியவற்றின் அளவை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்திருப்பவர்கள் இளநீரையும் பழச்சாறுகளையும் தவிர்க்க வேண்டும். காய்கறிகளை நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் புரதத் தேவை கூடுகிறது. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் கூறப்பட்ட புரதக் கட்டுப்பாட்டைத் தாமாகவே தொடர வேண்டாம்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை: வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்கள் கீரையைத் திடீரென மிகுதியாகவோ, முற்றிலும் நிறுத்தியோ உண்ணக் கூடாது. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்பதே பாதுகாப்பானது.

தைராய்டு மாத்திரை: வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டும் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பால், காபி, உணவு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பல நாள்கள் பட்டினி கிடந்தவர்கள்: மிகவும் மெலிந்து, ஒரு வாரமோ அதற்கு மேலோ ஏறக்குறைய எதுவும் உண்ணாதிருந்தவருக்குத் திடீரென நிறைய உணவு கொடுப்பது ஆபத்தானது. இரத்தத்திலுள்ள தாது உப்புகளின் அளவு குலைந்து உயிருக்கே தீங்கு நேரலாம். இத்தகையவரை முதலில் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

பொட்டல உணவுகளும் ஊட்டச்சத்துப் பொடிகளும்

ஒரு பொருளில் பெரிய எழுத்தில் உள்ள விளம்பர வாசகத்தைவிட, பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள விவரமே முக்கியம். சேர்மானப் பொருள்கள் எடையின் இறங்கு வரிசையில் அச்சிடப்படுகின்றன. முதல் இரண்டு மூன்று இடங்களில் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மைதா, மால்டோடெக்ஸ்ட்ரின் ஆகியவை இருந்தால் அது சத்துச் செறிவான பொருள் அன்று. "ஹெல்த் டிரிங்க்" என்ற ஒரு வகை உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இல் வரையறுக்கப்படவில்லை என்பதை மத்திய அரசு 2024 ஏப்ரலில் சுட்டிக்காட்டி, இணைய விற்பனைத் தளங்கள் பானங்களை அப்பெயரில் பட்டியலிடக் கூடாது என அறிவுறுத்தியது.

புரதப் பொடி சில நோயாளிகளுக்குத் தேவைப்படும். அதை மருத்துவர் பரிந்துரைக்கட்டும். கடைக்காரரோ அண்டை வீட்டாரோ கூறி வாங்க வேண்டாம். முதலில் கஞ்சியில் பருப்பையும் நிலக்கடலையையும் சேர்த்துப் பாருங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீட்ரூட், மாதுளை இரத்தத்தைப் பெருக்குமா?
இவை நல்ல உணவுகளே. ஆனால் அவற்றின் சிவப்பு நிறத்திற்கும் இரும்புச்சத்திற்கும் தொடர்பில்லை. இரண்டிலும் 100 கிராமில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பே உள்ளது. கீரை, பயறு, கம்பு, ஈரல் ஆகியவை இதைவிடப் பன்மடங்கு தருகின்றன. கருவுற்ற பெண்கள் ஈரலைத் தவிர்க்க வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிகுதி. இரத்தசோகை இருப்பது பரிசோதனையில் உறுதியானால் உணவு மட்டும் போதாது, மாத்திரையும் தேவை.

ஆட்டுக்கால் சூப் போதுமா?
சூப்பில் இறங்குவது சத்தின் சிறு பகுதியே. இறைச்சித் துண்டை மென்மையாக வேகவைத்து அதையும் உண்ணச் செய்யுங்கள். முடியாவிட்டால் சூப்பில் வேகவைத்த பருப்பையோ முட்டையையோ கலக்கிக் கொடுங்கள்.

சர்க்கரைக்கு மாற்றாக வெல்லம், கருப்பட்டி சேர்த்தால் நீரிழிவு நோயாளிகளுக்கு நல்லதா?
இல்லை. இவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தக்கூடியவை.

முட்டையின் மஞ்சள் கருவை நீக்க வேண்டுமா?
நாளொன்றுக்கு ஒரு முழு முட்டை பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானது. இரத்தக் கொழுப்பு மிகுந்தவர்களும் இதய நோயாளிகளும் மருத்துவரின் ஆலோசனைப்படி உண்ணலாம்.

எவ்வளவு உப்பு சேர்க்கலாம்?
நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கு மிகாமல், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள், அயோடின் கலந்த உப்பு போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.

அரசு உதவிகள்

• காசநோய் சிகிச்சை பெறுபவர்களுக்கு நிக்ஷய் போஷன் திட்டத்தின் கீழ் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கிய இத்தொகை 2024 நவம்பர் முதல் உயர்த்தப்பட்டது. தொகை வரவில்லையெனில் உங்கள் சிகிச்சை மையத்தில் வங்கிக் கணக்கு விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.
• நியாயவிலைக் கடைகளில் துவரம் பருப்பும் சமையல் எண்ணெயும் மானிய விலையில் கிடைக்கின்றன. செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளன. தலசீமியா உள்ளவர்கள் இது குறித்து மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.
• கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் அங்கன்வாடி மையத்தில் இணை உணவாகச் சத்துமாவு பெறலாம்.
• மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

வாரம் ஒருமுறை, ஒரே எடைக் கருவியில், ஒரே நேரத்தில் நோயாளியின் எடையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். எடை பார்க்க வசதியில்லாவிட்டால் மோதிரம், வளையல், இடுப்புத் துணி ஆகியவை தளர்கின்றனவா என்று கவனியுங்கள். பின்வருவனவற்றுள் எது காணப்பட்டாலும் தாமதிக்க வேண்டாம்.

• ஒரு மாதத்தில் 5 சதவீதத்திற்கு மேல் அல்லது ஆறு மாதங்களில் 10 சதவீதத்திற்கு மேல் எடை குறைதல் (50 கிலோ எடையுள்ளவருக்கு முறையே 2.5 கிலோ, 5 கிலோ)
• மூன்று நாள்களுக்கு மேல் வழக்கமான உணவில் பாதிகூட உண்ணாமை
• விழுங்கும்போது இருமல், புரையேறுதல், உணவு தடைபடுதல்
• ஓயாத வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு
• கால் வீக்கத்துடன் எடை கூடுதல். இது ஊட்டத்தினால் அன்று, உடலில் நீர் தேங்குவதால் நேர்வது
• படுக்கையிலிருப்பவரின் முதுகு, இடுப்பு, குதிகால் பகுதிகளில் தோல் சிவத்தல் அல்லது புண்
• அளவற்ற சோர்வு, குழப்பமான பேச்சு

மருத்துவமனைக்கு வரும்போது, முந்தைய இரண்டு நாள்களில் நோயாளி உண்டவற்றையும் அவற்றின் அளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். "சரியாகச் சாப்பிடுவதில்லை" என்ற சொல்லைவிட, "காலையில் அரை டம்ளர் கஞ்சி, மதியம் மூன்று கவளம் ரசம் சாதம்" என்ற குறிப்பு சிகிச்சையைத் தீர்மானிக்க மருத்துவருக்கு மிகுந்த உதவியாக இருக்கும்.